‘எப்படி’ என்று கேட்டால்

1

பெல்ஜியத்துக்கு வந்து பதினோராவது ஆண்டு நிறைவடைந்த வாரத்தில், வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதற்காக எங்கள் வட்டார நகராட்சி அலுவலகத்தில் ஓர் எண்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். இந்தப் பிரசல்ஸ் நகரத்தில் எந்தக் காரியத்துக்கும் முதலில் ஓர் எண் வேண்டும். பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். கைப்பையில் அன்று காலை வந்த ஏரோகிராம் இருந்தது. என் அக்கா அஞ்சலை, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியது. அதன் நீலத்தாளை ஓரம் கிழியாமல் பிரித்து மூன்று முறை படித்தேன்.

“திலகா, நல்லா இருக்கியா. எங்க செபுட் ஹர்கா கெடைக்கல. ஆபீசர் எங்களக் கூப்பிட்டு வெலை பேசுனாரு. நாங்களும் எறங்கி எறங்கிப் போனோம். கடைசியில சவுக்காரமும் நாங்களே போட்டுக்கிறோம்னு சொல்லிட்டோம். அதுக்கு மேல எறங்க எடமில்ல. அப்படியும் குடுக்கல. நீ அங்க இதே வேலையிலதானே இருக்கே? நாங்க செஞ்ச தப்பு என்னான்னு எழுது. அடுத்த மாசம் மறுபடி கூப்பிடுறாங்களாம். அதையும் விட்டா, லயத்த விட்டுட்டு எங்க போறதுன்னு தெரியல.”

இதன் பின்கதை உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். அக்காவின் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். செம்பனை வேலையைக் குத்தகைக்காரரின் ஆட்களிடம் ஒப்படைத்தார்கள். இருபது ஆண்டுகள் பால் வெட்டிய அக்காவுக்கும் அவளோடு நின்ற ஏழு பெண்களுக்கும் வேலை போயிற்று. தோட்டம் தந்திருந்த லயத்து வீட்டைக் காலிசெய்ய ஆறு மாதம் தவணை கிடைத்தது. எட்டுப் பேரும் கூடிப் பேசி, கோல சிலாங்கூரில் ஓர் அரசாங்க கிளினிக்கையும் அதை ஒட்டிய குவார்ட்டர்ஸையும் கூட்டிக் கழுவும் வேலைக்கு விலைப்புள்ளி கொடுத்திருந்தார்கள். அந்த வருமானம் வந்தால் டவுனில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். வராவிட்டால் எட்டுக் குடும்பங்களும் எட்டுத் திசையில் சிதறவேண்டியதுதான்.

இந்தச் சிறிய விலைப்புள்ளிக்குத்தான் நம் நாட்டில் செபுட் ஹர்கா என்று பெயர். ‘விலையைச் சொல்’ என்பது அதன் நேரான பொருள். மூன்றாம் முறை படித்து முடிக்கும்போது என் எண்ணை அழைத்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கண்ணியமானவர். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் முறையாகத் தொடங்கினேன். ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அரசாங்கங்கள் சாலை போடவோ, பள்ளி கட்டவோ, பொருள் வாங்கவோ முற்படும்போது அந்த வேலையை யாருக்கு, எவ்வாறு தேர்ந்து கொடுப்பது என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதிகள் தயாராகின்றன. அவற்றின் ஆங்கில வாசகம் பிறமொழி வாசகங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

“கொமாங்?” என்றார்.

பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘எப்படி’ என்று பொருள். ‘என்ன சொன்னீர்கள்’ என்றும் பொருள். நான் சொன்னதைச் சுருக்கினேன்.

“அரசாங்கங்கள் வாங்குவது குறித்த விதிகள்.”

“கொமாங்?”

“வாங்குவது... அதைப் பற்றி.”

அவர் முகம் தெளிந்தது, எழுதினார். அட்டையில் என் தொழில் ‘பொருள் வாங்குபவர்’ என்று பதிவாயிற்று. திருத்தச் சொல்லாமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் கணவர் பீட்டர் அன்று மாலை அதைப் படித்துவிட்டு, இனிமேல் சந்தைக்கு நீதான் போகவேண்டும் என்று சிரித்தார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

2

விலை பேசுவதில் அக்காவுக்கு நிகரானவரை நான் இரண்டு கண்டங்களிலும் கண்டதில்லை. தாதியர் பயிற்சிக்காக நான் இங்கிலாந்துக்குக் கப்பலேறப்போகும் வாரத்தில், எனக்குக் கருவாடும் நெத்திலியும் வாங்கித்தர ஆற்றுக்கு அப்பாலுள்ள பாசிர் பெனம்பாங்குக்கு அழைத்துப் போனாள். எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு இருபத்தைந்து. கரையோரக் கடையில், அரைக்காற்சட்டையோடு உட்கார்ந்திருந்த சீன முதலாளி, தவுக்கே, விலை சொன்னார்.

“மாச்சாம் மானா, தவுக்கே?” என்றாள் அக்கா. எப்படி என்று கேட்டதோடு சரி. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவுக்கே சற்று நேரம் தராசைத் துடைத்தார். விலை கொஞ்சம் இறங்கிற்று.

“மாச்சாம் மானா?”

இன்னும் கொஞ்சம் இறங்கிற்று. மூன்றாவது முறை அவள் வாய் திறப்பதற்குள் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, தோட்டத்து வாடிக்கையாளர்களிடம் பழகிய தமிழில், “போதும் லா, அம்மா! நீ கேட்டா என் மீனு மறுபடி கடலுக்கே ஓடிப்போவுது!” என்றார். ஒரு பிடி நெத்திலியை மேலதிகமாகவும் போட்டார்.

திரும்பும் வழியில் அக்கா எனக்கு விளக்கினாள். “எப்படின்னு கேட்டுட்டு வாய மூடிக்கணும்டி. எவன் மொதல்ல பேசுறானோ அவன்தான் எறங்குவான்.”

லண்டனில் அந்தக் கருவாட்டுப் பொட்டலத்தை விடுதிக் காப்பாளர் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார். மறுபேச்சில்லாமல் போட்டேன். அக்காவின் பாடம் என்னோடு கப்பலேறவில்லை என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு தாதியர் பயிற்சியை விட்டதும், மாலைக் கல்லூரியில் மொழிகள் பயின்றதும், பீட்டரை மணந்து இந்த ஊருக்கு வந்ததும், தட்டச்சில் தொடங்கி வாசகம் சரிபார்க்கும் மேசைக்கு நகர்ந்ததும் வேறு கதைகள். இங்கே வேண்டியது ஒன்றுதான். அக்காவின் கடிதத்தில் ‘ஆபீசர் வெலை பேசுனாரு’ என்ற வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூடிய உறையில் விலை கொடுத்த பிறகு எந்த அலுவலரும் விலை பேச மாட்டார். பேசக்கூடாது. இங்கே நாங்கள் எழுதும் விதிகளில் மட்டுமல்ல, அங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த மனிதர் பேசியது என்ன?

3

அதே வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக்குள் ஐரோப்பா முழுவதும் ஒரே சந்தையாகிவிட வேண்டும் என்பதால் இங்கே எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள். சுற்றிலும் கண்ணாடிக் கூண்டுகள், அவற்றுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள், நடுவே நீள்வட்ட மேசை. அதன் ஓரத்தில், சிவப்புப் பென்சிலோடு நான்.

விவாதத்துக்கு வந்த விதி இது. ஒருவர் கொடுத்த விலை, வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைவாக இருந்தால் என்ன செய்வது? மலிவாக இருக்கிறதே என்று கொடுத்துவிட்டால், வேலை பாதியில் நின்றுபோகலாம். அல்லது கூலியாட்களின் வயிற்றில் அடித்து அந்த விலையை எட்டியிருக்கலாம்.

லூச்சியா தெற்கு நாடொன்றிலிருந்து வந்த வழக்கறிஞர். கூர்மையான பெண்மணி. அவர் நிலை எளியது. எல்லா விலைகளின் சராசரியையும் எடுக்க வேண்டும். அதற்கு இவ்வளவு கீழே போனால் தானாகவே தள்ளிவிட வேண்டும். “அழைத்துக் கேட்பது என்று வைத்தால், கேட்பவர் யார்? வேண்டியவரிடம் ஒரு குரலில் கேட்பார். வேண்டாதவரிடம் வேறு குரலில் கேட்பார். கணக்குக்குக் குரல் கிடையாது” என்றார்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஹென்ரிக், டென்மார்க்குக்காரர். ஒருவரும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பின்றித் தள்ளப்படக்கூடாது என்பது அவர் வாதம். “குறைந்த விலை சொன்னவர் ஏமாற்றுக்காரராக இருக்கலாம், அறியாதவராக இருக்கலாம், நம்மைவிடக் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். கேட்காமல் எப்படித் தெரியும்? முதலில் விளக்கம் கேட்போம்.”

பல மாதங்களாக என் மனம் ஹென்ரிக்கின் பக்கம் இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அது இயல்பு. விடியற்காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலையில்லை என்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. கேள்வி கேட்கப்படுவதே ஒரு மரியாதை என்று நான் நம்பியிருந்தேன்.

அன்று மட்டும் பென்சில் நகரவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கம் கேட்க வேண்டும். அந்தக் கோல சிலாங்கூர் அலுவலர் ஒருவேளை அதைத்தான் செய்தாரோ?

4

ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே மாலை நேரம் பார்த்து, பத்தாங் பெர்ஜுந்தையில் அக்கா மளிகை வாங்கும் கடைக்குத் தொலைபேசினேன். கூப்பிடுகிறேன் என்று முன்கூட்டியே தந்தி அடித்திருந்தேன். எடுத்தவர் கடைக்காரத் தவுக்கே.

“யாரு, யூரோப்பா? இரு, இரு. உங்கக்கா ரெண்டு மணி நேரமா இங்கதான் உக்காந்திருக்கு. என் பிஸ்கட்டெல்லாம் காலி.”

அக்கா பேசுவதற்குள் என் மகள் மாலா கருவியைப் பறித்துக்கொண்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு டச்சு, பள்ளியில் பிரெஞ்சு, என்னோடு இரண்டும் கலந்த ஒன்று. தமிழ் அவளுக்கு விசேஷ நாளில் மட்டும் அணியும் உடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வருகிறது.

“பெரியம்மா, நீங்க எவ்வளவு இருக்கீங்க?”

மறுமுனையில் கடையே அதிரும் சிரிப்பு.

“நூத்திப் பத்துக் கட்டி எடை இருக்கேன்டி! ஏன், நிறுத்து வாங்கப் போறியா?”

‘எப்படி இருக்கீங்க’ என்பதுதான் மாலா சொல்ல நினைத்தது. டச்சில் ‘எப்படி’யும் ‘எவ்வளவு’ம் ஒரே அசையில் தொடங்கும். முகம் சிவந்து கருவியை என்னிடம் தந்தாள். இனி தமிழே பேசமாட்டேன் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

“பசியாறிட்டியாக்கா?”

“ஆச்சு, ஆச்சு. டுயிட்டு ஓடுது, ஒங் காசுதான், சொல்லு. என்னா தப்பு செஞ்சோம்?”

“அந்த ஆபீசர் என்ன கேட்டாரு? அவர் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு.”

“‘காக், ஹர்கா நி மாச்சாம் மானா?’ன்னாரு. அக்கா, இந்த வெலை எப்படின்னு. நல்ல மனுசன்தான். நாற்காலியெல்லாம் போடச் சொன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்னா பச்சப்புள்ளயா? வெலை ஜாஸ்தின்னு நேராச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்குறாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். கொஞ்சம் எறக்குனேன். தாளப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, மறுபடியும் ‘மாச்சாம் மானா’ன்னாரு. இன்னும் எறக்குனேன். தலையில கைய வச்சிக்கிட்டாரு. சரி, இதுக்கும் ஒத்து வரலயேன்னு சவுக்காரத்தையும் எங்க செலவுல சேத்துக்கிட்டேன். ஃபைல மூடிட்டாரு.”

“அக்கா, ஜாஸ்தின்னு அவர் கேக்கல. ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டிருக்காரு.”

மறுமுனையில் யாரோ மண்ணெண்ணெய் கேட்பதும் தவுக்கே பதில் சொல்வதும் கேட்டன.

“கம்மியா இருந்தா அவருக்கு என்னாடி கஷ்டம்?”

அதற்கு எங்கள் அலுவலகத்தில் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, விலையில் என்னென்ன சேர்த்தாய் என்று கேட்டேன்.

“தொடப்பம், வாளி, சவுக்காரம், பினாயில், எட்டுப் பேருக்கு பஸ் காசு. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரு வரிசையா எழுதிக் குடுத்தாரு.”

“கூலி?”

“எந்தக் கூலி?”

“உங்க எட்டுப் பேரு கூலி.”

“அத ஆபீஸ்லதானேடி போடுவாங்க?” என்றாள், உண்மையான வியப்போடு. “கூலிய கணக்கெழுதுற கிராணிதானே எழுதுவாரு? எனக்குத் தெரிஞ்சு அப்பா கூலிய அப்பா எழுதுனதில்ல, எங்கூலிய நான் எழுதுனதில்ல. நம்ம கைக்கு நாமளே வெலை எழுதுனா, அது அசிங்கமா இருக்காது?”

பீட்டர் அடுத்த அறையில் வானொலியின் ஒலியைக் குறைப்பது கேட்டது. என் குரலில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

“எழுதணும்க்கா. இந்தத் தடவை எழுது. பால் வெட்டுனப்போ வந்த கூலிக்குக் குறையாம, எட்டுப் பேருக்கும் எழுது.”

“வெலை ஏறிடுமே?”

“ஏறும்.”

“அப்ப குடுப்பாங்களா?”

“தெரியலக்கா.”

“நல்லா இருக்கு போ! ஐரோப்பாவுக்கே சட்டம் எழுதுறே. ஒரு கிளினிக்கு கூட்டுற வெலை தெரியல ஒனக்கு!”

கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலின் அடியில் ஆறு மாதத் தவணையில் கரைந்துபோன நாட்கள் கேட்டன. நான் சொல்லக்கூடியதாக ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“மறுபடி ‘மாச்சாம் மானா’ன்னு கேட்டா, எறக்காதே. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு. மொதல்ல பேசுறவன் எறங்குவான்னு நீதானே சொன்னே, பாசிர் பெனம்பாங்ல?”

“அது மீனு விக்கிறவன்கிட்ட வாங்கப் போனப்ப. இப்ப நான்ல விக்கிறவ? ஆபீசர் முன்னால வாய மூடிக்கிட்டு நிக்க முடியுமாடி? பெரட்டுல நின்ன காலு இது.”

தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு எந்தப் பக்கம் சரி என்றே தெரியாமல் போயிற்று. லூச்சியாவின் கணக்கு அக்காவை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தள்ளியிருக்கும். ஹென்ரிக்கின் கேள்வியோ கேட்டுவிட்டுத் தள்ளியிருக்கிறது. நாற்காலி போட்டு, மரியாதையாக, நியாயமாக. கேள்வி அதேதான், கேட்ட காதுதான் வேறு. அந்தக் காதுக்கும் சேர்த்து ஒரு விதியை எந்த மொழியில் எழுதுவது?

5

அடுத்த கூட்டத்தில், வாழ்க்கையில் முதல் முறையாக, மேசையின் ஓரத்திலிருந்து கையை உயர்த்தினேன். வாசகம் சரிபார்ப்பவர்கள் பொதுவாகக் காற்புள்ளிக்காகத்தான் கையை உயர்த்துவார்கள்.

முந்தைய இரவுகளில் யோசித்து ஒரு திருத்தம் எழுதி வைத்திருந்தேன். விலை குறித்து விளக்கம் கேட்பதானால் எழுத்தில் கேட்க வேண்டும். விலையின் எந்தப் பகுதி குறைவாகத் தோன்றுகிறது, பொருளா, கூலியா என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பதிலும் எழுத்தில் வரப் போதிய நாட்கள் தர வேண்டும். படித்து முடித்தேன். கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்களின் உதடுகள் என்னைச் சில நொடிகள் பின்தொடர்ந்து நின்றன.

ஹென்ரிக் அன்பாகத்தான் கேட்டார். “சுவாரசியமாக இருக்கிறது, திலகா. இது இப்போதிருப்பதைவிட எப்படி மேலானது?”

எப்படி.

மேசையைச் சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. என்னிடம் விடை இருந்தது. ஒரு கிளினிக்கும் எட்டுப் பெண்களும் ஒரு கட்டிச் சவுக்காரமும் அடங்கிய விடை. ஆனால் அந்த ஒரு சொல் விழுந்ததும் என் கால்கள் மேசைக்கடியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மண்டோர் பெயர் கூப்பிடும் வேளையில் சேர்ந்துகொள்ளும் கால்கள்.

“நாட்களின் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. அதை நீக்கிவிடலாம்” என்றேன்.

“சரி. மற்றது?”

“எந்தப் பகுதி என்று குறிப்பிடுவதும்... அதுவும் வேண்டுமானால்...”

நான் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கே கேட்டது. கேட்டும் நிறுத்த முடியவில்லை. நகராட்சி எழுத்தரிடம் இறங்கியதும் இதே படிக்கட்டில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. “இது வெறும் வாசகத் திருத்தம்தான். முழுவதையும் விட்டுவிட்டாலும்...” என்று தொடங்கினேன்.

“ஒரு நிமிடம்” என்றார் லூச்சியா. எதிர்த்தரப்பில் இருப்பவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். “யாரும் இந்த அம்மையாரிடம் பேரம் பேசவில்லையே. ஏன் தாமாகவே குறைத்துக்கொண்டு போகிறார்? கேள்வி என்று ஒன்று இருந்தே தீரவேண்டுமானால், அது எழுத்தில் இருக்கட்டும். எழுத்துக்கும் குரல் கிடையாது.”

சிலர் தலையசைத்தார்கள். ‘எழுத்து மூலம்’ என்ற இரண்டு சொற்கள் வரைவில் ஏறின. மற்ற இரண்டும் போயின. இந்த வரைவு எத்தனை மேசைகளைக் கடந்து, எத்தனை பேரால் வெட்டப்பட்டு வெளிவரும் என்பதும், அந்த இரண்டு சொற்கள் அதுவரை தங்குமா என்பதும் எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து வெளியேறும்போது லூச்சியாவுக்கு நன்றி சொன்னேன். “கொமாங்?” என்றார், அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லாமல் புன்னகைத்துவிட்டு நகர்ந்தேன். மறுபடியும்!

6

அக்காவின் இரண்டாவது விலைப்புள்ளி திறக்கப்படும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். கிடைத்தால் உடனே ஏரோகிராம் போடுகிறேன், கிடைக்காவிட்டால் தபால் காசு எதற்கு என்று எழுதியிருந்தாள். அந்த நாளும் போயிற்று. அதற்கு மேல் இரண்டு வாரமும் போயிற்று. தபால் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் எங்கள் ஊர்த் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கிடைக்கவில்லை என்பதால் வரவில்லையா, கிடைத்தும் எங்கோ ஒரு சாக்கில் கிடக்கிறதா என்று புரியாமல், வெறுமையான தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு, மீண்டும் அந்தக் கடைக்குத் தொலைபேசினேன். ஆளனுப்பி அக்காவை அழைத்துவரத் தவுக்கேவுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அந்தக் கால்மணி நேரமும் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். அவள் மூச்சு வாங்குவது கேட்டதும், யோசித்ததெல்லாம் போய், வாயில் இருந்தது மட்டும் வந்தது.

“எப்படிக்கா?”

பதில் இல்லை. கடல்கள் கடந்து வரும் இரைச்சல் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

“பத்து” என்றாள் அக்கா. “எண்ணிட்டேன். இப்ப பேசலாமா?”

இருவருமே சிரித்துவிட்டோம். மாலா ஓடிவந்து என் தோளருகில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“ஆபீசர்கிட்ட ஏழு வரைக்கும்தான்டி எண்ண முடிஞ்சுது. அவரு மறுபடி ‘மாச்சாம் மானா’ன்னாரு. வாய் எறக்குறதுக்கு வந்திருச்சு. அப்பதான் உம் மக ஞாபகம் வந்துச்சு. ‘எஞ்சே, ஐயா, எப்படின்னு கேக்குறீங்களா, எவ்வளவுன்னு கேக்குறீங்களா?’ன்னுட்டேன். அந்த மனுசன் அப்படிச் சிரிச்சாரு! ‘எப்படி காக், எப்படித்தான்’னு பென்சில எடுத்தாரு. ஒரு மணி நேரம், ஒவ்வொரு வரியா. தொடப்பத்துக்கு ஏன் இவ்வளவு, கூலி ஏன் இவ்வளவு. எல்லாத்துக்கும் சொன்னேன். ஒரு காசு கொறைக்கல திலகா.”

மாலாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தன்னைப் பற்றிய பேச்சு என்பது புரிந்தது. கண்கள் விரிந்திருந்தன.

“கெடைச்சுதாக்கா?”

“கெடைச்சுது.” ஆனால் அந்தச் சொல் சிரிப்போடு வரவில்லை. “கிளினிக்கு மட்டும். குவார்ட்டர்ஸ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவன் வெலை கம்மியாம். கிளினிக்குக்கு நாலு பேரு போதும்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க.”

“நாலு பேரா?”

“நாலு பேரு. மிச்ச நாலு பேரும் லயத்தக் காலி பண்ணிட்டு அவங்கவங்க சொந்தத்தத் தேடிப் போகணும். பேரக் குடுன்னு அடுத்த வாரம் கேப்பாங்க. மண்டோர்னா அவரு பாட்டுக்குக் கூப்பிடுவாரு, கூப்பிடாம விடுவாரு. அவரத் திட்டிட்டுப் போயிருவோம். இப்ப தாளு எங்கையில இருக்கு. எல்லாம் ஒண்ணாப் பால் தூக்குனவளுங்க. எல்லாரு கூலியையும் நாந்தான் எழுதுனேன். இப்ப எப்படிடி சொல்லுவேன், யாரு நாலு பேருன்னு?”

அவள் கேட்டது விலையை அல்ல, விளக்கத்தையும் அல்ல. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் டச்சிலும் ‘எப்படி’ என்ற அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த எந்தப் பொருளிலும் அது அடங்கவில்லை. அவள் காத்திருந்தாள். மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது. அதற்கு மேலும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.